தகரத்துக்குப் பின்னால் எங்கள் வீடு

என் அண்ணன் இறந்துவிட்டதாகக் கையெழுத்துப் போடுவதற்காகத்தான் இந்த முறை சென்னைக்குப் போனேன். விமானத்தில் பக்கத்து இருக்கைப் பெண் என்ன விஷயமாகப் போகிறீர்கள் என்று கேட்டாள். வீட்டு வேலை என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தி.நகரில் பனகல் பார்க்கைப் பார்த்தபடி எங்கள் வீடு. கீழே மூன்று அறை, மேலே இரண்டு, அதற்கு மேல் மொட்டை மாடி. அப்பா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, அம்மா போய் இரண்டு வருடம். நான் கல்யாணமாகி பினாங்குக்குப் போய் முப்பது வருடம். பூட்டிக் கிடந்த வீட்டை வாங்க ஒரு கட்டுமானக்காரர் தயாராக இருந்தார். ஆனால் வாரிசு நான் ஒருத்தி மட்டும் இல்லை. சேகர் என்று எனக்கு ஓர் அண்ணன் உண்டு. இருபத்தொரு வயதில் வீட்டை விட்டுப் போனவன், முப்பத்தேழு வருடமாக ஒரு தகவலும் இல்லை. இவ்வளவு காலம் சேதியே இல்லாத ஆளை இறந்தவராகக் கருதும்படி நீதிமன்றத்தில் கேட்கலாம் என்று வக்கீல் போனில் விளக்கினார். கேட்க வேண்டியவள் நான்.

முதல் நாள் வீட்டுக்கு வழியே கிடைக்கவில்லை. டாக்ஸிக்காரர் போனில் இருந்த வரைபடத்தை நம்பி மூன்று முறை சுற்றினார். ஒவ்வொரு முறையும் ஒரு மஞ்சள் பலகை வந்து நின்றது. "நேத்து வரைக்கும் இந்த வழி தொறந்துதான் இருந்துச்சு மேடம். இன்னிக்கு மூடிட்டானுங்க" என்றார். அவர் குரலில் என்னைவிட அதிக வருத்தம் இருந்தது. கடைசியில் பெட்டியோடு பாண்டி பஜாரில் இறங்கிக்கொண்டேன். அங்கே நடைபாதையை அகலமாக்கி, கல் பாவி, உட்காரப் பெஞ்சு போட்டிருந்தார்கள். காதணியும் கைப்பையும் விற்ற பிளாட்பாரக் கடைகள் இருந்த இடத்தில், இப்போது ஒரு குடும்பம் உட்கார்ந்து கோன் ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பெட்டிச் சக்கரம் தடுக்காமல் உருண்டது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கே போகிறேன் என்று யாரும் மறித்துக் கேட்காதது என்னவோபோல் இருந்தது.

பாண்டி பஜார் முடிகிற இடத்தில் பார்க் தெரிய வேண்டும். தெரியவில்லை. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு தகரத் தடுப்பு நின்றது. அதற்குப் பின்னால் ராட்சதக் கிரேன் ஒன்று. மெட்ரோவுக்காகப் பூமிக்கு அடியில் தோண்டுகிறார்கள் என்று அம்மா இருந்தபோதே கேள்விப்பட்டதுதான். காதால் கேட்பது வேறு.

நான் சின்னவளாக இருந்தபோது பார்க்கைச் சுற்றி வீடுகள் இருந்தன. ஒரு கண் டாக்டர் வீடு, ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி வீடு, மாலையில் வீணை கேட்கும் ஒரு வீடு. எல்லா வீட்டுக்கும் முன்னால் ஒரு மரம். முதலில் நீதிபதி வீட்டின் கீழ்த்தளம் புடவைக் கடையானது. கடைக்காரர் வாசல் தூணைக்கூட மாற்றவில்லை, தூணுக்குப் பட்டு சுற்றி வைத்தார். பிறகு டாக்டர் வீடு போய் நகைக்கடை வந்தது, கண்ணாடிச் சுவரோடு. வீணை வீடு ஆறு மாடியானது. சின்ன வயதிலேயே ஐப்பசியில் தீபாவளிக் கூட்டம் ரோட்டை அடைத்துவிடும். நானும் சேகரும் மாடியிலிருந்து தலைகளை எண்ண முயன்று தோற்றுப்போவோம். உஸ்மான் ரோட்டில் மேம்பாலம் வந்தபோது நான் பினாங்கில் இருந்தேன். ஒவ்வொரு விடுமுறைக்கு வரும்போதும் சதுக்கத்தில் ஒரு பல் விழுந்து, அந்த இடத்தில் பெரிய பல் ஒன்று முளைத்திருக்கும். எங்கள் வீடு மட்டும் பால்பல்லாக நின்றது.

அம்மா விற்க விடவில்லை. "அவன் திரும்பி வந்தா இங்கதானே வருவான்? வேற எந்த வீடு தெரியும் அவனுக்கு?" என்பார். இதற்கு மேல் யாரும் பேச முடியாது. நான்கு வருடம் முன்பு குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் என்னோடு பினாங்குக்கு வரச் சம்மதித்தார். அதுவும் சாவியைக் கவுஸ் பாயிடம் கொடுத்து, என் போன் நம்பரைக் காகிதத்தில் எழுதி, அவர் கடைச் சுவரில் ஒட்டச் சொன்ன பிறகு.

கவுஸ் பாய் எங்கள் வீட்டு முன்னறையில் நாற்பது வருடமாகப் பட்டன், லேஸ், புடவை ஃபால்ஸ் கடை வைத்திருந்தவர். தடுப்பு எழும்பிய பிறகு அந்த வாசல் வழியாக யாரும் உள்ளே வர முடியவில்லை. கடையைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடிப்படிக்குக் கீழே போய்விட்டார். விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். எழுந்து நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார்.

"லதாவா? வாம்மா. சாவி நம்மகிட்ட பத்திரமா இருக்குது" என்றார்.

சுவரில் அந்தக் காகிதமும் இருந்தது. பழைய கடையிலிருந்து உரித்து இங்கே ஒட்டியிருந்தார். அம்மா இறந்ததை அவரிடம் போனில் சொல்லியிருந்தேன். காகிதத்தை ஏன் எடுக்கவில்லை என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்குப் பின்சந்து வழியாக அழைத்துப் போனார். பக்கத்து வீணை வீட்டு ஆறு மாடியை இடித்துவிட்டிருந்தார்கள். கட்டி இருபது வருடம்கூட ஆகியிருக்காது. அந்த வெற்றிடத்தை ஒட்டி எங்கள் வீட்டின் பக்கச்சுவர் ஆடை இல்லாத முதுகு மாதிரி நின்றது. உள்ளே தூசி, மின்சாரம் இல்லை. முன்வாசலைத் திறந்தால் நான்கு அடி தூரத்தில் தகரம். ஒரு காலத்தில் பார்க் இருந்த திசையில், ஆணி அடித்த தகரம்.

பினாங்கில் நாங்கள் இருக்கும் தெருவில் ஒரு கதவுக்கு வேறு வண்ணம் அடிப்பதற்குக்கூட நகராண்மைக் கழகத்தில் கேட்க வேண்டும். நூறு வருடக் கடைவீடுகள், முன்னால் எல்லாக் கடையையும் இணைக்கும் அஞ்சடி நடை. வெளியூர்க்காரர்கள் வந்து போட்டோ எடுப்பார்கள். அடுத்தவர்களின் பழைய கட்டடங்களுக்கு நடுவில், ஒன்றும் மாறாத தெருவில், முப்பது வருடமாக நான் என் தெருவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் காலை, நான் தங்கியிருந்த லாட்ஜுக்கு எதிர்ப்பக்கம் இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். வடகறி பினாங்கில் கிடைக்காது. அங்கே நாசி கண்டார் என்னும் சோற்றுக் கடைக்காரர் ஒருவர் நான் கேட்டதற்காக முயன்று பார்த்து, அது ஒரு மாதிரி பருப்புக் குழம்பாகி, இருவரும் சிரித்ததுண்டு. இங்கே ருசி அப்படியே இருந்தது. சாப்பிட்ட கையோடு அடையாறில் இருந்த வக்கீல் அலுவலகத்துக்குப் போனேன்.

வக்கீல் என் மகள் வயதுப் பெண். மனுவை நிதானமாக வாசித்துக் காட்டினார். சேகரின் பெயர், வயது, கடைசியாகப் பார்த்த நாள், தேடிய விவரம். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது, அம்மா வெள்ளிக்கிழமைதோறும் கோடம்பாக்கத்து ஸ்டுடியோ வாசல்களில் போய் நின்றது எல்லாம் மூன்று வரியில் அடங்கிவிட்டது. அவன் ஏன் போனான் என்ற இடத்தில் 'குடும்பத்தில் ஏற்பட்ட மனஸ்தாபம்' என்று எழுதியிருந்தது.

மனஸ்தாபம் என்பது இதுதான். சேகர் கல்லூரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் விளக்குத் தூக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான். ஏதோ ஒரு சின்னச் சண்டை. எதற்கென்றுகூட இப்போது நினைவில்லை. ஆத்திரத்தில் அதை அப்பாவிடம் சொன்னேன். அன்று சாயங்காலம் அப்பா அவன் துணிகளை அள்ளி, பார்க் வேலியோரம், கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் பார்க்க வீசினார். சேகர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடித்தான். மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். சொன்னது நான் என்று அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது.

வக்கீல் காட்டிய ஆறு இடங்களிலும் கையெழுத்துப் போட்டேன். ஆறும் ஒரே மாதிரி வந்தன. அதுதான் பயமாக இருந்தது.

சாயங்காலம் அம்மா படத்துக்கு வைக்கலாம் என்று பூ வாங்கப் போனேன். பார்க் வாசலில் உட்காரும் பூக்காரர்களைத் தடுப்புக்கு இந்தப் பக்கம், எங்கள் வீடு இருக்கும் வரிசைக்கு எதிராகத் தள்ளியிருந்தார்கள். அறுபது வயது இருக்கும் ஓர் அம்மாள், பெயர் கோவிந்தம்மா என்று பிறகு தெரிந்தது, கதம்பம் கட்டிக்கொண்டே பக்கத்துக் கடைக்காரியோடு தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். தோண்டத் தோண்ட உள்ளேயிருந்து தண்ணீர்தான் வருகிறது, ரயில் எப்போது வரும் என்று அவள் சொன்னாள். ரயில் வரும்போது நம்மை இங்கே உட்கார விடுவார்களா என்று இவர் கேட்டார்.

முழம் போடும்போது நான் எந்த ஊர் என்று விசாரித்தார். இதே இடம்தான், பச்சை கேட் போட்ட வீடு என்றேன்.

"பச்சை கேட்டா? உங்கம்மா என்னாண்டதான் பூ வாங்குவாங்க. நல்ல மனுசி. ஊட்டை இடிச்சதுல இருந்து பாக்கவே இல்ல."

வீட்டை இடிக்கவில்லை, பக்கத்துக் கட்டடத்தைத்தான் இடித்தார்கள் என்றேன். அவர் தலையாட்டி மறுத்தார். தூசி எழும்பியதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். நேற்றுத்தான் பின்சந்து வழியாக அந்த வீட்டுக்குள் போய்விட்டு வந்தேன் என்றேன்.

பூ கட்டும் கை நின்றது.

"அப்போ அந்த ஆளாண்ட நான் தப்பா சொல்லிட்டேனே" என்றார்.

எந்த ஆள் என்று கேட்டேன். மூன்று வருடம் முன்பு ஒருவர் வந்தாராம். கூட மனைவி, மகள், கை நிறையப் பட்டுப்புடவைப் பைகள். மகள் கல்யாணத்துக்கு ஆந்திரா பக்கமிருந்து ஜவுளி எடுக்க வந்தவர்கள். அவர் மட்டும் தடுப்பை ஒட்டி இங்கும் அங்கும் நடந்து, தகரத்தின் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாராம். பிறகு இவரிடம் வந்து, இங்கே பச்சை கேட் போட்ட வீடு ஒன்று இருந்ததே என்று கேட்டிருக்கிறார். இடித்துவிட்டார்கள், வீட்டுக்காரர்கள் வெளிநாடு போய்விட்டார்கள் என்று இவர் சொன்னார். அந்த மனிதர் அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருங்கள், எல்லாரும் பார்க்கிறார்கள், உங்களுக்கு என்ன ஆயிற்று என்று மனைவி தெலுங்கில் கெஞ்சினாளாம்.

"இந்த வேலியில சைக்கிள்ல இருந்து விழுந்தேன், புருவம் கிழிஞ்சிச்சு, தங்கச்சி அழுதுகினே ஓடியாந்துச்சுன்னு சொன்னாரும்மா. இதோ இங்க, வெட்டு இருந்துச்சு" என்று கோவிந்தம்மா தன் இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினார்.

அழுதுகொண்டு ஓடியது நான்தான். பூக்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சேகர் உட்கார்ந்த அதே பிளாட்பாரமாக இருந்திருக்கும். அவன் நின்ற இடத்திலிருந்து இருபது அடியில், தகரத்துக்குப் பின்னால், வீடு இருந்திருக்கிறது. கவுஸ் பாயின் புதுக் கடைச் சுவரில் என் நம்பர் இருந்திருக்கிறது. அப்போது அம்மாவும் உயிரோடு இருந்தார்.

கோவிந்தம்மா அன்று இன்னொன்றும் செய்திருந்தார். கல்யாணத்துக்கு மாலை இங்கிருந்துதான் வேண்டும் என்று அந்த மனிதர் கேட்டாராம். உங்கள் ஊரிலேயே நல்ல மாலை கிடைக்குமே என்று இவரே சொல்லியும் கேட்கவில்லை. என் அம்மா இந்த வாசலில்தான் பூ வாங்குவார்கள் என்றாராம். பார்சலில் 'சேகர், நாயுடுபேட்டை' என்று எழுதி, விடிகாலை ஆந்திரா பஸ்ஸில் இவர் மாலையை அனுப்பியிருக்கிறார். பஸ் விஷயமெல்லாம் பார்த்தது சைதாப்பேட்டையில் இருக்கும் இவருடைய மருமகள். போன் நம்பர் அவளுடைய பழைய போனில் இருக்கும், அது சார்ஜ் ஏறுவதில்லை, நாளை நேரில் போய்ப் பார்க்கலாம் என்றார்.

மூன்றாம் நாள் பூக்கடையைப் பக்கத்துக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு அவர் என்னோடு கிளம்பினார். ஆட்டோ பிடிக்கலாம் என்றேன். எதுக்குத் தண்டம், பஸ் இருக்கிறதே என்று பஸ்ஸில் ஏற்றினார். அந்த பஸ் வழக்கமான ரோட்டில் திரும்பாமல், மாற்றுப் பாதை என்று சொல்லி எங்களைக் கோடம்பாக்கம் பாலத்தடியில் இறக்கிவிட்டது. கண்டக்டரிடம் கோவிந்தம்மா ஒரு மூச்சு சண்டை போட்டார். நான் பாலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா வெள்ளிக்கிழமைகளில் இங்கேதான் இறங்குவார். ஸ்டுடியோ இருந்த இடங்களில் அடுக்குமாடி வீடுகள் இருந்தன. வெயிலில் நின்று ஆளுக்கொரு நன்னாரி சர்பத் குடித்துவிட்டு வேறு பஸ் பிடித்தோம்.

மருமகள் மூன்று சார்ஜர்களை மாற்றிப் பார்த்தாள். நான்காவது பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. ஒரு மணி நேரம் அந்த போனின் உடைந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் அவள் சுடச்சுட கேழ்வரகு அடை கொடுத்தாள். ருசித்ததா என்று தெரியாமல் தின்றேன். போன் விழித்தது. 'மாலை நாயுடுபேட்டை' என்ற பெயரில் நம்பர் இருந்தது.

என் விரல் அழுத்த மறுத்தது. என்ன சொல்லி ஆரம்பிப்பது? கோவிந்தம்மா போனை வாங்கித் தானே அழைத்தார். எதிர்முனையில் ஆண் குரல், தெலுங்கு. இவரும் தெலுங்கில் பேசினார், எனக்குப் புரியும் அளவு மெதுவாக. உங்கள் மகள் கல்யாணத்துக்கு மாலை அனுப்பிய பூக்காரி பேசுகிறேன், உங்களிடம் ஒரு தப்பு சொல்லிவிட்டேன் அய்யா, அந்த வீட்டை இடிக்கவில்லை, நின்றுகொண்டுதான் இருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார்.

பிறகு அந்தக் குரல், அங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டது. கோவிந்தம்மா போனை என் காதில் வைத்தார்.

"அண்ணா, லதா பேசறேன்."

பின்னணியில் ஏதோ ஜெனரேட்டர் ஓடும் சத்தம். யாரோ அதை அணைத்தார்கள். அமைதியில் அவன் மூச்சு கேட்டது.

"நாளைக்குக் காலைல வர்றேன்" என்றான் தமிழில். "நீ அங்கேயே இரு. எங்கேயும் போயிடாதே."

அம்மாவைப் பற்றி அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நான்காம் நாள் காலை ஏழு மணிக்கே பின்சந்தில் போய் நின்றேன். கவுஸ் பாய் கடை திறக்காமல் வந்து என்னோடு நின்றார். பத்தரைக்கு ஒரு ஆட்டோ வந்தது. கட்டம் போட்ட சட்டை, நரைத்த மீசை, கொஞ்சம் தொப்பை. இறங்கியவர் முதலில் எனக்கு யாரோதான். அப்பாவின் நடை எங்கிருந்தோ வந்து அந்த உடம்பில் ஏறியிருந்தது. பக்கத்தில் வந்ததும் புருவத்து வெட்டைப் பார்த்தேன். அவன் என் தலையில் கை வைத்தான். கவுஸ் பாய்தான் அழுதார்.

சாவியைச் சேகரிடம் கொடுத்தேன். அவன் ஒவ்வொரு அறையாகப் போனான். கட்டில் இருந்த இடம், அலமாரி இருந்த இடம் என்று கையால் காட்டிக்கொண்டே நடந்தான். மேலே போனதும், "அம்மா கடைசியா எந்த ரூம்ல இருந்தாங்க?" என்றான். அந்த 'இருந்தாங்க' எனக்குப் போதுமாக இருந்தது. அவனே தெரிந்துகொண்டுவிட்டான்.

"இந்த ரூம். அப்புறம் பினாங்குல என்கூட. போய் ரெண்டு வருஷம் ஆச்சு."

அவன் கணக்குப் போடுவதை முகத்தில் பார்த்தேன்.

"நான் வந்தப்போ இருந்தாங்க."

"இருந்தாங்க."

மொட்டை மாடிக்குப் போனான். நானும் பின்னால் போனேன். அங்கிருந்துதான் தகரத்துக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. பார்க்கில் பாதி பள்ளம். பள்ளத்துக்குள் மஞ்சள் தொப்பி போட்டவர்கள் எறும்புபோல் போய்வந்துகொண்டிருந்தார்கள். மீதிப் பாதியில் பழைய மரங்கள் தூசி படிந்து நின்றன. வெகு நேரம் பார்த்தான். பிறகு தன் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். ஒரு தெலுங்குப் பட யூனிட்டோடு விளக்குத் தூக்கிக்கொண்டு போனவன், அந்தப் பக்கமே தங்கிவிட்டான். இப்போது நாயுடுபேட்டையில் கல்யாணங்களுக்குச் சீரியல் விளக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடுகிறான். முதல் சில வருடம் கோபம். அப்பா மன்னிப்புக் கேட்டு ஆள் அனுப்புவார் என்று காத்திருந்தான். இருக்கும் இடத்தைச் சொல்லாமல் ஆள் எப்படி வரும் என்று அந்த வயதில் தோன்றவில்லை. பிறகு வருடம் ஏற ஏற, வந்து நிற்க முகம் இல்லாமல் போயிற்று. மகள் கல்யாணம் என்று வந்தபோதுதான் ஒரு தைரியம் வந்திருக்கிறது.

இனியும் மறைப்பது சரியில்லை என்று பட்டது. அப்பாவிடம் அன்று சொன்னது நான்தான் என்றேன்.

"தெரியும்" என்றான். "உன்னைத் தவிர யாருக்கும் சொல்லலையே. அதனாலதான் போறப்போ உன்கிட்ட சொல்லிக்காம போனேன். அது எனக்கு ரொம்ப நாள் உறுத்திச்சு."

இன்னொன்றையும் சொன்னேன். முந்தாநாள் அவன் இறந்துவிட்டதாக ஆறு இடத்தில் கையெழுத்துப் போட்டதை. அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து என்னைப் பார்த்தான்.

"போடாம என்ன பண்ணுவே? நானும்தான் வீட்டை இடிச்சிட்டாங்கன்னு நம்பினேன்" என்றான்.

மத்தியானம் கவுஸ் பாய் வீட்டில் நெய்ச்சோறும் தால்சாவும். சேகர் மூன்று முறை தால்சா கேட்டு வாங்கினான். சாப்பிட்ட பிறகு கோவிந்தம்மாவைப் பார்க்கப் போனோம். அவர் எழுந்து கை கூப்பினார். சேகர் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கி, மாலை ரொம்ப நன்றாக இருந்ததாகத் தெலுங்கில் சொன்னான். பிறகு இருவருமாக அடையாறு போனோம். இன்னும் தாக்கல் செய்யாத மனுவை வக்கீல் திருப்பிக் கொடுத்தார். இறந்தவராகக் கருதப்பட வேண்டியவர் அதை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். கடைசியாகப் பார்த்த நாள் ஒரு நாள் தள்ளி இருக்கிறது, அது புதன்கிழமை என்றார். வக்கீல் பெண் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது வீட்டை விற்க வேண்டாம் என்றேன். எனக்கு அது முடிந்துபோன விஷயமாகிவிட்டது. அவன் கிடைத்துவிட்டான், வீடும் நிற்கிறது, இனி எதற்கு விற்பது? மேலே இரண்டு அறையைச் சரி செய்யலாம், வருடத்துக்கு ஒரு மாதம் வந்து இருக்கலாம், அவன் மகளும் என் மகளும் வரலாம் என்று நிறுத்தாமல் பேசிக்கொண்டே வந்தேன். ஆட்டோ சிக்னலில் நின்றது.

"பக்கச்சுவர் வெடிச்சிருக்கு, பாத்தியா? கீழே தோண்டத் தோண்ட இன்னும் வெடிக்கும். யாரு இருக்கப் போறா அதுல?" என்றான். பிறகு கொஞ்சம் மெதுவாக, "மூணு வருஷமா அந்த வீடு இல்லைன்னே இருந்துட்டேன் லதா. எனக்குப் பழகிடுச்சு. உனக்குத்தான் இனிமே பழகணும்" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. முப்பத்தேழு வருடம் வீட்டில் இல்லாதவன் வீட்டைப் பற்றிப் பேசுகிறான் என்றுகூடத் தோன்றியது. அன்றிரவு லாட்ஜில் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை அவன் ஊருக்குத் திரும்பும் முன் மறுபடி ஒருமுறை அந்த வீட்டுக்குப் போனோம். இருவரும் சேர்ந்து சுவரின் வெடிப்பைப் பார்த்தோம். என் உள்ளங்கை அதற்குள் போயிற்று. வெளியே வந்ததும், விற்றுவிடலாம் என்றேன். நான் பினாங்குக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அவன் மறுபடி வர, இரண்டு பேர் பெயரும் போட்ட புதிய விற்பனைப் பத்திரத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

பினாங்குக்குத் திரும்பிய முதல் வாரம் எங்கள் தெருவின் பழைய கட்டடங்களைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. நடந்து நடந்து அதுவும் தணிந்தது. சேகர் வாரம் இரண்டு முறை பேசுவான். பெரும்பாலும் ஜெனரேட்டர் ரிப்பேர் பற்றித்தான். அவன் மனைவி போனை வாங்கி, எனக்குப் பாதி புரியும் தெலுங்கில் அவனைப் பற்றிப் புகார் சொல்வாள்.

நான்கு மாதம் கழித்து ஒரு காலை, வழக்கமில்லாத நேரத்தில் போன் வந்தது. பின்சந்தில் நிற்கிறேன் என்றான். இன்றைக்கு இடிக்கிறார்கள் என்று கவுஸ் பாய் சொல்லித் தெரிந்து, முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறான். வீட்டு ஆள் ஒருத்தர் பக்கத்தில் இருக்க வேண்டாமா என்றான். வீடியோவில் காட்டட்டுமா என்று கேட்டான். வேண்டாம், சொல், கேட்கிறேன் என்றேன்.

அவன் சொல்லிக்கொண்டே வந்தான். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் போயிற்று. மேலே என் அறை. பிறகு மாடிப்படி, அது மட்டும் தனியாகக் கொஞ்ச நேரம் நின்றதாம். அம்மா அறை வந்தபோது குரல் நின்றுவிட்டது. இயந்திரம் உறுமுவதும் செங்கல் சரிவதும் கேட்டன. நான் எங்கள் தெரு அஞ்சடி நடையில் ஒரு கடைப்படியில் உட்கார்ந்து போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். கவுஸ் பாய் யாரையோ தள்ளி நிற்கச் சொல்வது தூரத்தில் கேட்டது.

பிறகு சத்தம் நின்றது. வேலையாட்கள் டீக்குப் போயிருப்பார்கள். முன்பக்கத் தகரத்தில் இரண்டு தகடுகளைக் கழற்றிவிட்டார்கள், லாரி வருவதற்காக என்றான். அப்புறம் அவன் செங்கல்மேல் நடந்து போகும் சத்தம் கேட்டது.

"லதா" என்றான். "இங்கிருந்து பாத்தா இப்ப பார்க் தெரியுது."